நாலாவது மொழி தலைக்குள் போகுமா? ரங்கூன் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

"அக்கா, தமிழ் இருக்கு, பர்மீஸ் இருக்கு, இங்கிலீஷ் அரைகுறையா இருக்கு. இதுக்கு மேல ஜப்பானீஸையும் போட்டா, உள்ள இருக்கிறது வெளிய போயிடாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பதினெட்டு, இருபது வயதுக்காரர்களில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை மாதம் தவறாமல் கேட்டுவிடுகிறார்கள். கேட்காமல் என்ன செய்வார்கள், இன்று யாங்கோன் என்கிற நம் ரங்கூனில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஜப்பானிய வகுப்பு, கொரிய வகுப்பு என்றுதான் பலகை தொங்குகிறது, வெளிநாட்டு வேலை என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் மொழி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். தமிழ் பேசவரும் ஆனால் வாசிக்கவராது என்கிறவர்கள் வீட்டில் பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது யார் தப்பும் இல்லை, 1960களில் தனியார் பள்ளிகளெல்லாம் அரசுக்குப் போனதோடு நம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் போய்விட்டன.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடலாம். தலை ஒரு குடம் அல்ல, நிரம்பினால் வழிவதற்கு. என் தாத்தா அரிசி ஆலையில் வேலை பார்த்தவர், தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பர்மிய மொழியும் பேசுவார், எதையும் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிப் பேருக்கு மேல் இந்தியர்கள், அந்த ஊரில் நாலு பாஷை பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். அமேசான் காட்டில் வௌபேஸ் ஆற்றுப் பக்கம் ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி, அத்தை, மாமி எல்லாம் வேறு வேறு மொழி. அங்கே மூன்று நான்கு மொழி பேசாத பிள்ளைதான் அதிசயம்.

பெரிய எண்ணிக்கைக் கதைகளும் உண்டு. எமில் க்ரெப்ஸ் என்ற ஜெர்மானியர், சீனாவில் தூதரக மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1930இல் இறந்தார், அறுபதுக்கு மேல் மொழி அறிந்தவர் என்று சொல்வார்கள். அவருடைய மூளையை எடுத்து வைத்திருந்து 2004இல் ஆராய்ச்சி முடிவு வெளியிட்டார்கள். பேச்சுக்கான பகுதியின் அமைப்பு மற்றவர்களுடையதைப் போல இல்லை என்று கண்டார்கள். அது பிறவியிலேயே வந்ததா, அத்தனை மொழி படித்ததால் வந்ததா என்பதை அந்த மூளையை வைத்துச் சொல்ல முடியாது. நமக்கு அவரை விட முக்கியமானவர் கென் ஹேல். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மொழியியல் பேராசிரியர், 2001இல் காலமானார். ஐம்பது மொழி அறிந்தவர் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் மறுப்பாராம்: நான் பேசுகிறவை ஆங்கிலம், ஸ்பானிஷ், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வார்ல்பிரி, இந்த மூன்றுதான், மற்ற மொழிகளில் ஏதோ சில விஷயங்களைச் சொல்லத் தெரியும், அவ்வளவே என்று.

ஒரு மொழியைப் பேசுவது, அதில் ஏதோ சில விஷயம் சொல்லத் தெரிவது, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

நோட்டை எடுத்து நாலு கோடு போடுங்கள்

உங்களுக்குத் தெரிந்த மொழிகளை இடப்பக்கம் எழுதி, எதிரே கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று நாலு கட்டம் போடுங்கள். டிக் போடாதீர்கள், யாரோடு, எதற்கு என்று எழுதுங்கள். "தமிழ், பேசுவது: அம்மாவோடு எல்லாம், ஐயரோடு கொஞ்சம். வாசிப்பது: பஸ் பலகை வேகத்தில்கூட இல்லை." "இந்தி, கேட்பது: சினிமா புரியும். பேசுவது: இல்லை." இப்படி. அரை மணி நேரம் போதும். எழுதி முடித்தால் இரண்டு விஷயம் தெரியும். நீங்கள் நினைத்ததை விட உங்களிடம் அதிகம் இருக்கிறது, ஆனால் எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது.

அடுத்து, அந்தக் கட்டங்களில் உங்கள் அன்றாடமே தீனி போடுகிறவை எவை என்று பாருங்கள். வீட்டில் பேசுகிற தமிழுக்கும், டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற பர்மிய மொழிக்கும் நீங்கள் தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதே இல்லை, தானாக ஓடும். மற்றவை எல்லாம் சீட்டு மாதிரி. மாதாமாதம் தவணை கட்டினால்தான் நிற்கும். ஒருவர் எத்தனை சீட்டில் சேரலாம் என்று சட்டமா இருக்கிறது? சம்பளம் எவ்வளவு, எத்தனை தவணை கட்டமுடியும், அவ்வளவுதான் எல்லை. மொழிக்கும் எல்லை அங்கேதான் இருக்கிறது, மண்டைக்குள் இல்லை.

நம்மில் பலருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேச்சுத் தமிழ் இலவசமாக ஓடும், எழுத்துத் தமிழுக்குத் தவணை கட்டவேண்டும், ஏனென்றால் யாங்கோன் தெருவில் அதை வாசிக்க வேலையே வராது. தாய்மொழிதானே, எங்கே போகப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். போகும். நான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கணக்கு

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் வெகுகாலமாகச் சொல்லிவந்த ஒரு கணக்கு உண்டு. வேலைக்கு ஆகும் அளவுக்குப் பேச, வாசிக்க வருவதற்கு ஸ்பானிஷ் போன்றவற்றுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, பர்மிய மொழிக்கு 1,100, ஜப்பானிய, கொரிய, சீன, அரபு மொழிகளுக்கு 2,200. தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். அதே 1,100 கூட்டத்தில், பர்மிய மொழியோடு ஒரே பெஞ்சில். அவர்களை முழி பிதுங்க வைக்கிற இரண்டு மொழியும் நமக்குப் பால்குடியிலேயே வந்துவிட்டது, அந்தத் திமிர் கொஞ்சம் இருக்கட்டும்.

தினம் ஒரு மணி நேரம் என்றால் 1,100 மணிக்கு மூன்று வருஷம், 2,200க்கு ஆறு வருஷம். இதைப் பார்த்து மலைக்கவேண்டாம், இது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குப் போட்ட கணக்கு, நமக்கு எங்கே தள்ளுபடி கிடைக்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் "மூன்றே மாதத்தில் சரளம்" என்று பலகை போட்ட வகுப்பைப் பார்த்தால் இந்த எண்ணை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வகுப்பில் அப்படித்தான் பணத்தைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து என் பெயரையும் ஊரையும் மட்டும் சரளமாகச் சொன்னேன்.

பராமரிப்புக் கணக்கு வேறு. நன்றாக வந்துவிட்ட மொழி ஒன்றைக் கைவிடாமல் வைத்திருக்க வாரம் மூன்று தடவை இருபது நிமிஷம், அதாவது ஒரு மணி நேரம் எனக்குப் போதுமாக இருக்கிறது. வேலைக்குப் போய் வந்து வீட்டு வேலையும் பார்க்கிறவருக்கு வாரத்தில் ஏழு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அதில் புது மொழிக்கு நாலு மணி, எழுத்துத் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்றால் மிச்சம் ஒரே மணி நேரம். ஆக, என் கணக்கில் உங்களுக்கு இன்னும் ஒரு பழைய சீட்டுக்குத்தான் இடம். உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நாற்பது வயது, இரண்டு பிள்ளை என்றால் இன்னும் குறையும்.

வயதைப் பற்றியும் கேட்பார்கள். 2018இல் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேரிடம் இணையத்தில் ஆங்கில இலக்கணத் தேர்வு வைத்து ஓர் ஆய்வு வந்தது. இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் பதினேழு, பதினெட்டு வயது வரை குறையாமல் இருக்கிறது, அதற்குப் பிறகு இறங்குகிறது என்றது. இறங்குகிறது என்றால் நின்றுவிடுகிறது என்று அர்த்தம் இல்லை. பெரியவர்களுக்கு உச்சரிப்பில் ஊர் வாசம் கொஞ்சம் தங்கும், தங்கட்டுமே.

பக்கத்து வீட்டு மொழியிலிருந்து தொடங்குங்கள்

எதைப் படிப்பது என்று முடிவு செய்யும்போது வேலை, விசா எல்லாம் பார்ப்பீர்கள், பாருங்கள். ஆனால் கையில் ஏற்கெனவே இருப்பது எவ்வளவு உதவும் என்பதையும் பாருங்கள், யாரும் அதைச் சொல்லித்தருவதில்லை.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோம். பர்மிய மொழியில் "தமின் சா பீ பீ லா". தமின் என்றால் சோறு, சா என்றால் சாப்பிடு, அப்புறம் முடிந்தது, கடைசியில் கேள்வி. நம் "ஆ" நிற்கிற இடத்தில் அவர்களுடைய "லா" நிற்கிறது. இங்கே பிறந்த நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னால்தான் அட என்கிறார்கள். ஜப்பானிய மொழியும் அதே குணம்: "கோஹான் ஓ தபெமாஸ் கா", சோறு, அதற்கு ஒரு வேற்றுமை உருபு, சாப்பிடுவது, கடைசியில் கேள்விக்கு "கா". செயல் எப்போதும் கடைசியில், உருபு எப்போதும் சொல்லுக்குப் பின்னால். இங்கிலீஷ்காரர் ஒரு வருஷம் தலைகீழாக நின்று கற்கிற இந்த வரிசை நமக்கு இரண்டு வழியில் ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

எண்ணுவதும் அப்படித்தான். "மூன்று பேர்" என்று ஒரு சொல் சேர்த்துத்தானே ஆளை எண்ணுகிறோம், பர்மிய மொழியில் "தோன் யௌக்", ஜப்பானில் "சன்னின்". தமிழில் ஆளுக்கு மட்டும் நின்றுவிட்டது, அவர்கள் உருண்டைக்கு ஒன்று, தட்டைக்கு ஒன்று, மிருகத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பர்மியப் பள்ளியில் படித்தவருக்கு இது புது விஷயம் அல்ல, சொல் மட்டும்தான் புதிது.

ஜப்பானிய அகரவரிசையைப் பாருங்கள்: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வரிசையேதான்! ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப இருந்தது என்கிறார்கள், அதையும் போட்டுக்கொண்டால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று அச்சாக வந்துவிடும். பௌத்த பிக்குகள் சமஸ்கிருத ஒலிமுறையைப் படித்துக் கொண்டுபோன வரிசை அது. அகராதியில் சொல் தேடும்போது இதன் அருமை தெரியும்.

கிழமைகளும் அப்படியே. பர்மிய மொழியில் செவ்வாய் "இங்கா", நம் அங்காரகன். புதன் "பொத்தஹூ", வெள்ளி "தௌச்சா", அதாவது சுக்கிரன், சனி "சனே". ஜப்பானில் செவ்வாய்க்கிழமைக்கு நெருப்புக் கோளின் பெயர், அதுவும் செவ்வாய்தான். ஏழு கிழமையையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம்.

கொரிய மொழி எடுக்கிறவர்களுக்கு வேறு தள்ளுபடி. அங்கே க-வில் மூன்று வகை, மெல்லியது, இறுக்கமானது, மூச்சு விட்டுச் சொல்வது. தமிழ் மட்டும் தெரிந்த காதுக்கு மூன்றும் க தான். பர்மிய மொழியில் இந்த மூச்சு விடுகிற எழுத்தைப் பிழையாகச் சொன்னால் பொருளே மாறிவிடும், அதனால் நம் காது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. தாய்லாந்து மொழிக்குப் போகிறவர்களுக்கு நம் பர்மியத் தொனி கைகொடுக்கும். ஒன்று மட்டும்: தமிழ்க் காதோடு படிக்காதீர்கள், பர்மியக் காதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்று

நான் செய்த தப்பு இது. பினாங்கில் நாலு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது மலாய் பேசப் பழகினேன், அது உறுதியாக நிற்பதற்குள் ஊர் திரும்பி, திரும்பிய அதே வருஷம் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியர் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்க, இன்னும் இல்லை என்பதற்கு "மதா" என்று சொல்லவேண்டும். வாயில் வந்தது "பெலும்". மலாய். தமிழோ பர்மியமோ வரவில்லை பாருங்கள். இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, புது மொழி பேசத் தேடும்போது தாய்மொழி ஒதுங்கி நிற்கும், கடைசியாகக் கற்ற வெளிமொழிதான் முந்திக்கொண்டு ஓடிவரும், பல மொழி படிக்கிறவர்கள் எல்லாரும் சொல்வது. இரண்டு மொழியும் பிஞ்சாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது இந்தக் கட்டத்துக்குத்தான்.

அப்படியானால் அடுத்ததை எப்போது தொடங்குவது? எனக்கு இரண்டு சோதனை. தெரியாத ஆளோடு புத்தகம் இல்லாமல் பத்து நிமிஷம் பேச முடியவேண்டும். ஒரு சொல் மறந்துபோனால், அந்த மொழியிலேயே சுற்றி வளைத்துச் சொல்லித் தப்பிக்கத் தெரியவேண்டும், "அந்த... தண்ணி சூடு பண்றது" என்கிற மாதிரி. இரண்டாவது வந்துவிட்டால் அந்த மொழி தன் காலில் நிற்கிறது என்று பொருள், அடுத்ததற்குப் போகலாம்.

பிஞ்சு மொழிகள் இரண்டைத் தவிர்க்கவே முடியாது என்றால் (பரீட்சை தேதி யாருக்காகவும் நிற்பதில்லை) இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். காலையில் மாடியில் ஒன்று, ராத்திரி சமையல்கட்டில் ஒன்று. நோட்டு வேறு, மையின் நிறம் வேறு. ஒரே குடும்பத்து மொழிகள் இரண்டை மட்டும் ஒருசேர எடுக்காதீர்கள்.

தினப்படி என்ன செய்வது

முதல் மாதம் காதுக்கு மட்டும். பாட்டு, செய்தி, எதுவானாலும், புரியாவிட்டாலும் ஒலி பிரிந்து கேட்கவேண்டும். புது எழுத்து இருக்கும் மொழி என்றால் அதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள், ஜப்பானியத்தின் இரண்டு எழுத்து வரிசைகளான ஹிரகானா 46, கத்தகானா 46, தினம் ஐந்து என்றால் மூன்று வாரம். தமிழில் எழுதிவைத்து ஜப்பானிய மொழி படிக்கிற பழக்கம் வேண்டாம், நம் எழுத்தில் க-வும் ஹ-வும் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும்.

சொற்களுக்குக் காகித அட்டைதான் என் சிபாரிசு. போனில் நல்ல செயலிகள் இருக்கின்றன, ஆனால் யாங்கோனில் கரண்டும் சார்ஜும் எப்போது இருக்கும் என்று நம்பி எதையும் செய்யமுடியாது, அட்டையை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் புரட்டலாம். ஒரு பக்கம் சொல் அல்ல, சின்ன வாக்கியம். இன்று பார்த்ததை நாளை, பிறகு மூன்றாம் நாள், பிறகு வாரம் கழித்து. மறக்கப் போகிற நேரத்தில் நினைவுபடுத்தினால்தான் ஒட்டும், தினமும் அதையே திருப்பிக்கொண்டிருப்பது வீண்.

இரண்டாவது மாதத்திலிருந்து வாய். நாப்பழக்கம் என்று ஔவை சும்மா சொல்லவில்லை. ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அதனால் வகுப்புகளில் வாயைத் திறக்கவிடுவதில்லை, அதன் என்-4 நிலைச் சான்றிதழை வைத்துக்கொண்டு நேர்காணலில் முழிப்பவர்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆள் கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும்போது செய்வதை எல்லாம் சத்தமாக அந்த மொழியில் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

எந்த நடையைப் படிப்பது என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். பர்மிய மொழியில் பத்திரிகை நடை வேறு, பேச்சு வேறு, வாக்கியம் முடிகிற சொல்லே மாறிவிடும், தமிழிலும் அதே கதைதானே. பேச்சுக்காகப் படிக்கிறவர் செய்தித்தாளோடு மல்லுக்கட்டிச் சோர்ந்துபோவதில் அர்த்தம் இல்லை.

உறங்குகிற மொழிகள்

தவணை கட்டமுடியாமல் போனால்? போகும், எல்லாருக்கும் போகும். என் மலாய் ஆறு வருஷம் பூட்டிக்கிடந்தது. பினாங்கிலிருந்து பழைய தோழி கூப்பிட்டபோது "அப்பா கபார்" (நலமா) என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, எனக்கே அவமானமாக இருந்தது. அப்புறம் தினம் அரை மணி நேரம் மலாய் வானொலி கேட்டேன், பழைய நோட்டைப் புரட்டினேன், மூன்று வாரத்தில் முக்கால்வாசி எழுந்து உட்கார்ந்துவிட்டது. முதல் தடவை அதற்கு இரண்டு வருஷம் ஆனது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885லேயே தன்னையே சோதனைக்கு வைத்து இதைக் கண்டார், மறந்ததை மறுபடி கற்க ஆகும் நேரம் முதல் தடவையை விடக் குறைவு என்று. ஆகவே ஒரு மொழியைத் தூங்கவிடுவது தோல்வி அல்ல, ஆனால் பிஞ்சில் தூங்கவிட்டால் எழுப்ப ஒன்றுமே இருக்காது. பத்து நிமிஷச் சோதனையைத் தாண்டியதைத்தான் தூங்கவிடலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நாலு கட்ட நோட்டை எடுத்து, எந்த மொழியை விழிப்பாக வைப்பது, எதைத் தூங்கவிடுவது என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் குற்ற உணர்ச்சிப்படுவீர்கள், அதற்குத்தான் நேரம் செலவாகும்.

முதலில் கேள்வி கேட்ட பெண் ஜப்பானிய மொழியைத் தொடங்கிவிட்டாள், டிசம்பர் தேர்வுக்கு எழுதப்போகிறாள். தமிழ் போய்விடவில்லை, தம்பியை விட வந்த இடத்தில் அவளும் உட்கார்ந்து ஆனா ஆவன்னா எழுதுகிறாள், வாரம் ஒரு மணி. இப்போது கத்தகானாவில் ஷி எது, த்சு எது என்று தெரியாமல் நிற்கிறாள். உங்களுக்கும் வரும். ஷி-யில் சின்னக் கோடுகள் இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும், பெரிய கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்கவேண்டும். த்சு-வில் சின்னக் கோடுகள் மேலே பக்கம் பக்கமாக நிற்கும், பெரிய கோடு மேலிருந்து கீழே இறங்கும். கண்ணால் பார்த்துப் பயனில்லை, ஐம்பது தடவை எழுதுங்கள்.